தூண்டிற்காரரின் மாலைப்பொழுது

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்த பெரியோர்கள் கம்பனையும் இளங்கோவையும் பற்றிப் பேச, நான் பின்வரிசையில் அமர்ந்து கேட்டு மகிழ்ந்தவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு மேடையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். செயலாளர் அவர்கள்தாம் விடவில்லை. "நீரும் உம் நண்பர்களும் தூண்டிலைத் தோளிற் போட்டுக்கொண்டு ஊரூராகத் திரிகிறீர்களே, அந்தக் கதையைச் சொல்லும்" என்றார். "சொல்கிறேன், ஆனால் அதில் பீர் என்ற சொல் வரும்" என்றேன். அவர் சற்றுத் தயங்கி, "தாய்மார்கள் இருப்பார்கள், பார்த்துப் பேசும்" என்றார். தாய்மார்கள் இருப்பதனாலேயே அச்சொல்லை ஒளிக்காமற் பேச விரும்புகிறேன்.

இம்மாவட்டத்திற்கும் மதுவிற்கும் உள்ள வழக்கு நெடியது. இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராயிருந்தபோது, 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதே நாளில் அது சித்தூருக்கும் கடப்பைக்கும் வந்தது. பின்னர் 1992-இல் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டா என்னும் சிற்றூரின் பெண்கள் சாராயக் கடைக்கு எதிராகத் திரண்டார்கள். அந்தத் தீ ஆந்திரம் முழுவதும் பரவி, 1993-இல் சாராயம் நிறுத்தப்பட்டது. 1995-இல் முழு மதுவிலக்கு வந்தது; 1997-இல் தளர்ந்தது. இப்படிப்பட்ட மண்ணில் நின்று ஒருவன் பீரைப் புகழ்ந்து பேசினால் அவன் நன்றி கெட்டவன். அதை இகழ்ந்து மட்டும் பேசினாலோ நான் பொய்யனாவேன். ஏனெனில் நானும் அருந்துபவன். நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன்; தீர்ப்பு உங்களுடையது.

நாங்கள் நால்வர். ஒருவர் சரக்கு வண்டிக் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுள் மூத்தவர், நாங்கள் அவரை அண்ணா என்றே அழைப்போம். இன்னொருவர் பள்ளியாசிரியர், தாய்மொழி தெலுங்கு. மற்றொருவர் கோலார் தங்கவயலிற் பிறந்து வளர்ந்த தமிழர். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின் மின்பணி செய்து பிழைப்பவர். நான்காமவன் நான். எங்களை ஒன்று சேர்த்தது மூங்கிற்கழியும் நரம்பும் தக்கையும் மண்புழுவுந்தான். 2021 நவம்பர் மழையில் பாலாறு பெருக்கெடுத்தபோது, பல ஆண்டுகளாக வறண்டு கிடந்த ஏரிகளும் நிரம்பிக் கலங்கல் வழிந்தன. அந்தப் பருவம் எங்களுக்குத் திருவிழா. ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் சொல்லிவிட்டு விடியலிற் போய் அமர்வோம். கெண்டையும் கெளுத்தியும் ஜிலேபியும் வரும். நல்ல நாளாயிருந்தால் விரால் வரும்.

நாம் இருப்பது மூன்று மாநிலங்கள் கூடும் முனை. காலையிற் புறப்பட்டு ஒரு பக்கம் போனால் கிருஷ்ணகிரி, மறுபக்கம் போனால் தங்கவயல். மதுவைப் பற்றிய சட்டமும் வரியும் நம் அரசியலமைப்பின்படி மாநிலத்தின் உரிமை. ஒரே பெயருள்ள பீர் மூன்று மாநிலத்திலும் மூன்று விலைக்கு விற்கும்; இன்ன மாநிலத்தில் மட்டுமே விற்பனைக்கு உரியது என்று புட்டியின்மேல் அச்சடித்திருக்கும். அளவு மீறி எல்லை தாண்டிக் கொண்டு சென்றால் வழக்கு. ஆகையால் எவ்வூர் நீரில் தூண்டில் போட்டோமோ அவ்வூர்ப் பீரையே மாலையில் அருந்துவது என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். தங்கவயல் நண்பர் தம் பக்கத்துப் பீர்தான் சுவை மிக்கது என்று சாதிப்பார். ஆசிரியர் ஒருமுறை அவர் கண்ணைக் கட்டிவிட்டு மூன்றையும் கொடுத்துப் பார்த்தார். மனிதர் மூன்று முறையும் தவறாகச் சொன்னார். அன்றிரவு முழுவதும் எங்களோடு பேசவில்லை.

இரயிலில் மட்டும் ஒரு துளியும் கிடையாது. 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 145-ஆம் பிரிவு, குடித்துவிட்டு வண்டியிலோ நிலையத்திலோ இருப்பவனுக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. அந்தச் சட்டத்தின் நிழலிற் சோறு உண்பவன் நான்; அண்ணாவும் அப்படியே.

மீன்பிடிப்பாருக்கும் பீருக்கும் உள்ள உறவு நாங்கள் கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்தில் அலெக்சாந்தர் நோவல் என்று ஒரு பாதிரியார் இருந்தார்; 1560 முதல் இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் தலைமைக் குரு. தம் காலத்திற் பத்தில் ஒரு பங்கைத் தூண்டிலுக்கும், வருவாயிற் பத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்கும் கொடுத்தவர் என்று அவரைச் சொல்லுவார்கள். அவர் ஒருநாள் ஆற்றங்கரைப் புல்லில் ஒரு புட்டி பீரை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். சில நாள் கழித்து வந்து திறந்தால், துப்பாக்கி வெடித்ததுபோல் ஓசை எழுந்ததாம். புட்டிக்குள் அடைபட்ட ஈஸ்ட் என்னும் நொதிப் பூஞ்சை, மிஞ்சியிருந்த இனிப்பைத் தின்று கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வாயு வெளியேற வழியின்றிப் பீரிலேயே கரைந்து நின்றது. புட்டிப் பீர் பிறந்த கதை இதுவே என்று தாமஸ் புல்லர் என்பவர் தம் நூலில் எழுதி வைத்தார். அது 1662-இல் வெளிவந்தது. முழுவதும் மெய்யோ, பாதி மெய்யோ, தூண்டிற்காரனின் மறதி ஒன்றுக்காவது பயன்பட்டது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. என் மனைவி இதை ஒப்பமாட்டாள்.

அந்நாட்டில் பொய்யீத் தூண்டில் என்று ஒரு முறை உண்டு. மண்புழு கோப்பதில்லை. சிறு முள்ளின்மேல் பறவையிறகையும் பட்டுநூலையும் சுற்றி, நீரின்மேற் பறக்கும் பூச்சிபோலவே கட்டுவார்கள். அதற்கு எடை ஏது? ஆகவே நூலையே கனமாகச் செய்து, கோலை முன்னும் பின்னும் வீசி, நூலின் எடையால் அந்தப் பொய்யீயை ஓடும் நீரின்மேல் மெல்ல இறக்குவார்கள். மீன் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். பூச்சி மிதந்து வருகிறதென்று எழும்பிக் கவ்வும். இதற்காக மலைமலையாகப் பயணம் போகும் கூட்டத்தார் உலகெங்கும் உண்டு.

இம்முறையில் ஒரு புதுமை இருக்கிறது. என் பேச்சின் உயிர் அதுவே. சற்றுக் கவனிக்க வேண்டுகிறேன். கோலைப் பின்னால் வீசும்போது முள் பின்னால் நெடுந்தொலைவு பறக்கும். பக்கத்தில் ஆள் நின்றால் காதைக் கிழிக்கும். ஆகவே சேர்ந்து போன நண்பர்கள் ஓடையில் இறங்கியதும் பிரிந்துவிட வேண்டும். ஒருவர் மேலே, ஒருவர் வளைவுக்கு அப்பால், ஒருவர் கண்ணுக்கே தெரியாத இடத்தில். பகல் முழுவதும் பேச்சில்லை. நூறு கல் சேர்ந்து பயணம் செய்து வந்தவர்கள் பத்து மணிநேரம் தனித்து நிற்பார்கள். பிறகு இருட்டும் வேளையில் விடுதிக்குத் திரும்பி, ஈரக்காலைக் கணப்பருகே நீட்டி, அவ்வூர்ப் பீரைக் கையில் வாங்கியபின்புதான் அன்றைய நட்பு தொடங்குகிறது. தப்பிப்போன மீன் எத்தனை பெரிது என்பதை அப்போதுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடியும். ஐசக் வால்டன் என்னும் வணிகர் 1653-இல் எழுதிய புகழ்பெற்ற தூண்டில் நூலில், ஆற்றங்கரைக்கு அடுத்தபடியாக வருவது விடுதித் திண்ணைதான். அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் அவரைவிட முப்பத்தேழு வயது இளையவர். 1676-இல் அந்நூலுக்குப் பொய்யீத் தூண்டில் பற்றிய பகுதியை எழுதிச் சேர்த்தவர் அவரே. டவ் ஆற்றங்கரையில் 1674-இல் ஒரு சிறு மீன்பிடி இல்லம் கட்டி, தம் பெயரின் முதலெழுத்துகளையும் வால்டன் பெயரின் முதலெழுத்துகளையும் பின்னிக் கல்லில் வெட்டி வைத்தார். அதை நினைக்கும்போது எனக்குப் பொறாமை வருகிறது. எங்கள் நால்வர் பெயரையும் எந்த மதகிலாவது எழுதினால் பொதுப்பணித்துறையார் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தக் கலை நம் நாட்டில் வந்து தங்கிய இடங்களுள் ஒன்று நீலகிரி. டிரௌட் என்னும் மீனுக்குக் குளிர்ந்த, ஓடுகின்ற, தெளிந்த நீர் வேண்டும். 1863-இல் பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் இங்கிலாந்திலிருந்து அதைக் கொண்டுவர முதன்முதல் முயன்றார், பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, வானவில் டிரௌட்டை அம்மலை ஓடைகளிற் குடியேற்றினார். அதற்கு முன்பே, 1879-இல், நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் வந்திருந்தது.

பீரின் கதையும் அம்மலையிலேயே நடந்தது. முளைகட்டிய பார்லியை வேகவைத்த சாறு பதமாக நொதிக்கக் குளிர்ச்சி வேண்டும். வெப்பம் மிகுந்தால் புளித்துக் கெடும். பனி செய்யும் எந்திரம் இல்லாத காலத்தில் சமவெளியில் அது நடவாது. ஆகவே வடக்கே 1855-ஐ ஒட்டிக் கசௌலி மலையில் எட்வர்டு டயர் என்பவர் பீர்ச்சாலை வைத்தார். ஜாலியன்வாலாபாக்கில் சுடச் சொன்ன டயரின் தந்தை இவர். பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லி வைக்கிறேன். தெற்கே நீலகிரியில் காசில் பீர்ச்சாலையின் தொடக்கத்தை 1857 என்பார்கள். படகர் பெருமக்கள் விளைத்த பார்லி மலைப் பீர்ச்சாலைகளுக்குப் போயிற்று. ஜெர்மனியில் லிண்டே என்பவர் 1870-களில் குளிரூட்டும் எந்திரத்தைச் செய்தபின் பீருக்கு மலை தேவைப்படவில்லை. அது பெங்களூருக்கு இறங்கிற்று. 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் நீலகிரி, பெங்களூர்ப் பக்கத்துச் சிறு சாலைகள் ஐந்தை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் என்னும் நிறுவனத்தை அமைத்தார். அந்நிறுவனம் பிற்காலத்தில் நாடெங்கும் பரப்பிய பீரின் பெயர் ஒரு பறவையின் பெயர். நம் மொழியில் மீன்கொத்தி. புட்டியின்மேலேயே ஒரு மீன்பிடிப்பவன் அமர்ந்திருக்கிறான்! ஆக, ஒரே மலைக்குளிரைத் தேடியே அந்த மீனும் வந்தது, அந்தப் பீரும் வந்தது.

அக்கால வெள்ளைத் துரைமார் எழுதிய மீன்வேட்டை நூல்கள் சிலவற்றைப் பற்றி ஆசிரிய நண்பர் எனக்குச் சொல்லியிருக்கிறார். தென்கன்னடத்தில் கலெக்டராயிருந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் வெளியிட்ட நூல் அவற்றுள் பெயர் பெற்றது. துரைமாரின் தோழமை இனியதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கூடையையும் கோலையும் சுமந்து மலையேறிய நம்மவனுக்குக் கணப்பருகே இடம் கிடைத்திருக்குமா? எனக்கு ஐயமே. இந்த இடத்தில் நம் பக்கத்துத் தகடூர் நினைவுக்கு வருகிறது, இன்றைய தருமபுரி. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டை நீங்கள் அறிவீர்கள். கள் குறைவாயிருந்தால் அவன் தான் உண்ணாமல் புலவர்க்கே கொடுத்துவிடுவானாம். மிகுதியாயிருந்தால் அவர்கள் பாடக் கேட்டுக்கொண்டே உடனிருந்து உண்பானாம். அரசனுக்கும் பாடுபவர்க்கும் இடையே அந்தக் கள் செய்த வேலையைப் பாருங்கள். வள்ளுவரோ நட்பை எழுபத்தொன்பதாம் அதிகாரத்திலும் கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்றுமூன்றாம் அதிகாரத்திலும், ஒரே பொருட்பாலில் வைத்தார். இருவரையும் வணங்கும் எனக்கு இது எப்போதும் ஒரு சங்கடம்.

அந்தச் சங்கடம் 2022 ஜனவரியில் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஏரியில் நல்ல மீன் கிடைத்த நாள். மாலையில் மாந்தோப்புக் கொட்டகையில் அமர்ந்தோம். அண்ணா அன்று, "எனக்கு வேண்டாம்" என்றார். "ஒரு குவளையால் என்ன ஆகிவிடும்?" என்றேன். மறுபடியும் வேண்டாம் என்றார். "எங்களோடு உட்கார்ந்து வெறுங்கையோடு இருந்தால் எங்களுக்கு இறங்குமா அண்ணா?" என்று நானே ஊற்றி அவர் கையிற் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், குடித்தார். இரண்டாவதும் கொடுத்தேன். கல்லீரல் வீங்கியிருக்கிறது, இனித் தொடக்கூடாது என்று மருத்துவர் அதற்கு முந்தின மாதமே அவரை எச்சரித்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. இருமுறை வேண்டாம் என்றவரை ஏன் என்று நான் ஒருமுறையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவரை மருத்துவமனையிற் சேர்த்தார்கள். பதினோரு நாள் இருந்தார்.

பிழைத்து வந்தார். ஆனால் எங்களோடு வரவில்லை. நாங்கள் மூவர் மட்டும் போனோம். மீன் கிடைத்தது, மாலையில் புட்டியும் திறந்தோம், பேச்சு வரவில்லை. தக்கையைப் பார்ப்பதுபோல் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆசிரியர்தாம் முதலில் எழுந்தார்.

மறுநாள் நான் அண்ணா வீட்டுக்குப் போனேன். அவர் உறங்கிக்கொண்டிருந்தார். அண்ணி திண்ணைக்கு வந்து, "தம்பி, நீங்கள் யாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த வீட்டில் அவர் சிரித்துப் பேசியது குறைவு. உங்களோடு போய் வந்தால்தான் இரண்டு நாள் சிரித்த முகமாக இருப்பார். அதனால்தான் இத்தனை ஆண்டும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது போகாதீர்கள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, போங்கள் என்றும் சொல்ல முடியவில்லை" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. இன்றும் அவர் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய இசைவைப் பெற்ற பின்பே இதைச் சொல்லுகிறேன்.

அன்று அண்ணா விழித்ததும் அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர், "நீ ஊற்றினாய், குடித்தது நான்" என்றார். பிறகு, "நான் வராமல் இருந்தது நோய்க்குப் பயந்தன்று. வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பவனை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்களோ மாட்டீர்களோ என்றுதான் பயந்தேன்" என்றார். மருத்துவமனைக் கட்டிலைக் கண்டபோதுகூட எனக்கு அவ்வளவு நோகவில்லை.

2023-இல் நாங்கள் நால்வரும் நீலகிரிக்குப் புறப்பட்டோம். இரவு வண்டியில் ஏறிக் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை இரயில். குன்னூர் வரையிலான பாதை 1899-இலும், உதகை வரையிலானது 1908-இலும் திறக்கப்பட்டன. குன்னூருக்கு மேலே அரவங்காடு நிலையத்தைக் கடக்கும்போது, பழைய பீர்ச்சாலைகள் இருந்த பக்கம் இது என்று நான் சொன்னேன். வெடிமருந்துத் தொழிற்சாலைதான் கண்ணிற் பட்டது. அவலாஞ்சிக்கு வனத்துறை வண்டியிலே சென்றோம். தூண்டில்களை அறையிலேயே விட்டுவிட்டுப் போனோம். அனுமதியில்லாமல் அங்கே கோல் நீட்டக்கூடாது. பொரிப்பகத்துத் தொட்டியில் டிரௌட் நின்றது. பக்கமெல்லாம் புள்ளி, நடுவே இளஞ்சிவப்புக் கோடு. ஓடும் நீரை எதிர்த்துத் தலைவைத்து, அசையாமல் நின்றது. அண்ணா அரைமணி நேரம் அதன் பக்கத்தை விட்டு நகரவில்லை. "இத்தனை ஆண்டாகக் கலங்கல் நீரில் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம், மீனை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார்.

அன்று மாலை அறையில் ஒரு தயக்கம். புட்டிகளை வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அண்ணாவே பேசினார்: "எனக்காக உங்கள் வழக்கத்தை விட்டால் அடுத்த முறை நான் வரமாட்டேன். என் கையிலும் ஒரு குவளை இருக்கட்டும். அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் எட்டிப் பார்க்காதீர்கள்." அவர் குவளையில் இருந்தது சுக்குக் காப்பி, வீட்டிலிருந்தே அண்ணி பொடித்துக் கொடுத்தனுப்பியது. ஆளுக்கு ஒரு புட்டியோடு நாங்கள் நிறுத்திக்கொண்டோம். அன்று பேசியதுபோல் நாங்கள் என்றும் பேசியதில்லை. 1990-களில் கடும் மழையிரவில் ஜோலார்பேட்டைக்கு அப்பால் சரக்கு வண்டி நின்றுபோனபோது, பின்வண்டியில் தனியே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையை அண்ணா சொன்னார். தங்கவயல் நண்பர் தம் தந்தை சுரங்கத்திலிருந்து மேலே வரும் நேரத்தைச் சொன்னார். பீர் முடிந்து நெடுநேரம் ஆகியும் ஒருவரும் எழவில்லை.

நீலகிரியில் 2022 முதல் ஓர் ஏற்பாடு உண்டு. காலிப் புட்டிகளைக் காட்டில் எறிந்தால் யானை முதலிய விலங்குகளின் கால் கிழிகிறதென்று உயர்நீதிமன்றம் தலையிட்டது. அதன்பின் அரசுக் கடையில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, காலியைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தருகிறார்கள். மறுநாள் முற்பகலில் மூன்று புட்டிகளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். முப்பது ரூபாய் வந்தது. இரயில் நிலையத்தருகே தேநீர்க்கடையில் ஒரு கோப்பை பத்து ரூபாய். நால்வருக்கு நாற்பது. நான் சட்டைப்பையைத் துழாவுவதற்குள் அண்ணா ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து அந்த முப்பதின்மேல் வைத்து, "இது என்னுடைய காலிப் புட்டி" என்றார்.